ஆவியக்காவின் நெஞ்சுக்கு இரண்டு வழிகள்

என் மனைவியை ஆஸ்பத்திரியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெரிய டாக்டரிலிருந்து தரை துடைப்பவர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் ஆவியக்கா. அடித்தளத்தில், வெயில் எட்டிப் பார்க்காத ஒரு நீள அறையில், ஆபரேஷன் முடிந்து வரும் கத்தி, கத்தரி, இடுக்கிகளைக் கழுவி, எண்ணி, துணியில் கட்டி, இரும்புப் பெட்டிக்குள் அடுக்கிக் கொதிக்கும் நீராவியில் வேகவிடுவது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அதே வேலை. புதிதாகச் சேருகிறவர்கள் ஆவி என்றதும் பேய் என்று நினைத்துச் சிரிப்பார்கள். ஒருமுறை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு பேயே தேவலை என்று தெரிந்துகொள்வார்கள்.

நான் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதி, விசில் ஊதி அனுப்புகிறவன். ஒரு வண்டி மூன்று நிமிடம் தாமதித்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். அவளோ ஒரே ஒரு கத்தரியின் மூட்டுக்குள் தூரிகையை விட்டு ஐந்து நிமிடம் தேய்ப்பாள். எங்கள் இருவருக்கும் முடிச்சுப் போட்டவர்கள் என்ன யோசித்தார்களோ, இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இடது கண் இமைதான் முதலில் இறங்கியது. காலையில் சரியாக இருக்கும், மூன்று மணிக்கு மேல் பாதிக் கண் மூடிக்கொள்ளும். தூக்கம் போதவில்லை என்று நானும் மகளும் கேலி செய்தோம். பிறகு சாப்பிடும்போது பாதியில் மெல்ல முடியாமல் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டாள். மாலையில் பேச்சு மூக்கு வழியாக வந்தது. சீக்கிரம் சொல்லித் தொலையேன் என்று எரிந்து விழுந்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஒருநாள் வேலையில் ஒரு ஆபரேஷனுக்கு வேண்டிய கருவிகளின் முழு செட் ஒன்று அவள் கையிலிருந்து நழுவித் தரையில் சிதறியது. பத்தொன்பது வருடத்தில் அது முதல் தடவை. சிதறியதையெல்லாம் பொறுக்கி மறுபடி கழுவி வேகவைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். வந்ததும் கை இரண்டையும் மேசை மேல் வைத்து, இவை என்னுடைய கைகளே இல்லை என்றாள். மறுநாளே நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

மயஸ்தீனியா என்றார் அவர். நரம்பு சொல்வது தசைக்குக் கேட்காமல் போகிற நோய். உடம்பே தன்னைத் தாக்கிக்கொள்கிறது. அதற்குத் தூபம் போடுவது நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் தைமஸ் என்ற சுரப்பி. சின்ன வயதில் வேலை செய்துவிட்டு அப்புறம் சுருங்கிவிட வேண்டியது. இவளுக்குச் சுருங்காததோடு அதில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டியும் இருந்தது. மாத்திரை தற்காலிகம்தான், சுரப்பியைக் கட்டியோடு, உறை கிழியாமல், துணுக்குகூட மிச்சம் வைக்காமல் எடுத்துவிட வேண்டும் என்றார். எடுத்த மறுநாளே சரியாகிவிடாது, மாதக்கணக்கில் ஆகலாம், ஆனால் எடுக்காமல் விட்டால் ஒருநாள் மூச்சுவிடும் தசையும் சோர்ந்துவிடலாம் என்றும் சொன்னார். நான் எத்தனை நாளைக்குள் எடுக்க வேண்டும் என்று கேட்டேன். அவள் எந்த டாக்டர் செய்வார் என்று கேட்டாள்.

அங்கேதான் ஆரம்பித்தது எங்கள் ரகளை.

அந்த ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவரைப் பெரியவர் என்பார்கள், அறுபதை நெருங்கியவர். நெஞ்செலும்பை ரம்பத்தால் நடுவில் பிளந்து, இரண்டு பக்கமும் விரித்து, எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து எடுப்பவர். இன்னொருவர் சின்ன டாக்டர். நாற்பது வயதுப் பெண். விலா எலும்புகளுக்கு நடுவே மூன்று துளை போட்டு, ஒன்றில் கேமராவும் மற்றவற்றில் நீளக் கருவிகளும் விட்டு, திரையைப் பார்த்துச் செய்பவர். உங்கள் மனைவிக்கு இரண்டு வழியும் பொருந்தும், விருப்பப்படி முடிவு செய்யுங்கள் என்று எங்களிடமே தள்ளிவிட்டார்கள். விருப்பமாம்! வண்டி எந்த ரூட்டில் போக வேண்டும் என்று டிரைவர் பயணியிடமா கேட்பான்?

மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிப்பவள். இரண்டு நாள் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுது, ஒரு முழுத் தாளில் கட்டம் போட்டு எடுத்துவந்தாள். கழுத்து வழி என்று ஒன்று உண்டு, கட்டி இருந்தால் சரிப்படாது என்று அதை அடித்திருந்தாள். ரோபோ வழி எங்கள் ஆஸ்பத்திரியில் கிடையாது, அதையும் அடித்திருந்தாள். மிச்சம் இரண்டு. பிளந்தால் பார்வை விசாலம், பல காலமாகச் செய்து பழகிய வழி. ஆனால் வலி அதிகம், மூன்று மாதம் கனம் தூக்கக் கூடாது. துளை என்றால் வலி குறைவு, சீக்கிரம் வீடு, நுரையீரலுக்குத் தொல்லை குறைவு. ஆனால் ரத்தம் கசிந்தாலோ கட்டி எதிலாவது ஒட்டியிருந்தாலோ பாதியில் நெஞ்சைத் திறக்க வேண்டி வரலாம். எல்லாம் செய்கிறவர் கையைப் பொறுத்தது என்று கீழே சிவப்பு மையில் எழுதியிருந்தாள்.

நான் அந்தத் தாளை நாலு தடவை படித்துவிட்டுத் துளைதான் என்றேன். மனைவி முடியாது என்று தலையை ஆட்டிவிட்டாள். பெரியவர்தான் என்றாள்.

காரணம் கேட்டபோது சொன்னதைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. பெரியவரின் செட் கீழே வரும்போது ஒவ்வொரு கருவியும் ரத்தம் துடைக்கப்பட்டு, வரிசை மாறாமல், வாய் மூடிப் படுத்திருக்குமாம். சின்ன டாக்டரின் நீளக் கருவிகள் குவியலாக, மூட்டுக்குள் ரத்தம் காய்ந்து கருகிப்போய் வருமாம். மூன்று வருடமாக அந்தக் காய்ந்த ரத்தத்தைச் சுரண்டிச் சுரண்டி அவள் விரல் தேய்ந்ததுதான் மிச்சமாம். துடைப்பது டாக்டர் இல்லை, கூட நிற்கும் நர்ஸ் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் டாக்டர் எப்படியோ நர்ஸும் அப்படித்தான் என்பது அவள் கட்சி.

"பொருளை மதிக்காதவங்க ஆளை மட்டும் மதிப்பாங்களா? எந்நேரமும் ஓட்டமா ஓடுறவங்க அவங்க. அவங்க கையில என்னைக் குடுக்க மாட்டேன்."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டது போல் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்தேன். வேலையில் ஒரு வண்டிக்கு இரண்டு முறை விசில் ஊதி, டிரைவர் இறங்கிவந்து உடம்புக்கு என்ன என்று கேட்டார். கழுவுகிற இடத்துக் கணக்கில் ஆளை எடை போடுகிறாளே, உயிர் விஷயம் என்று புத்தியில் ஏற மாட்டேன் என்கிறதே என்று ஆத்திரம். அவள் சொல்வது ஒருவேளை சரியாக இருந்துவிட்டால் என்ற பயம் அதைவிட மோசம்.

ஒரு பகல் சாப்பாட்டு வேளையில் நேராக அடித்தளத்துக்கு இறங்கினேன். அழுக்குக் கருவிகள் வந்து சேரும் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவரை மீசை என்பார்கள். அந்தப் பெயருக்கு உரிய பொருள் அவர் முகத்தில் போதுமான அளவுக்கு மேலேயே இருக்கும். அவர் வாங்கும் ஒவ்வொரு செட்டையும் ஒரு நீள நோட்டில் எழுதுவார்: என்ன செட், எந்த டாக்டர், ஆபரேஷன் தியேட்டருக்குள் போன நேரம், திரும்பி வந்த நேரம். உள்ளே கழுவுகிற என் மனைவி அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்ததே கிடையாது, அவளுக்கு அது தேவையும் இல்லை.

எனக்கு நேரம் எழுதிய நோட்டைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? மீசையிடம் கெஞ்சி வாங்கிப் புரட்டினேன். முதல் பக்கத்திலேயே எனக்குப் பிடிபட்டுவிட்டது, ஏனென்றால் அது அப்படியே என் நோட்டு மாதிரி இருந்தது. சின்ன டாக்டர் வாரத்தில் மூன்று நாள், ஒரு நாளில் மூன்று கேஸ். ஒரு கேஸ் இரண்டு மணி பத்து நிமிடம், அடுத்தது இரண்டு மணி ஐந்து, அடுத்தது இரண்டேகால். ஓடுகிறவரின் நேரம் அப்படி இருக்காது. ஓடுகிற டிரைவர் ஒரு ட்ரிப்பில் பத்து நிமிடம் முன்னே வருவான், அடுத்ததில் அரைமணி பின்னே வருவான். இது ரோட்டைத் தெரிந்துவைத்திருக்கிறவரின் நேரம். ஒரு கேஸ் வெளியே போகுமுன் அடுத்த ஆளை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள், நர்ஸ் எப்போது துடைப்பாள்? பெரியவர் பெயருக்கு நேரே எட்டு மாதத்தில் ஆறு நெஞ்சு. மிச்ச நாளெல்லாம் அவர் கூட்டத்திலும் மாணவர்களோடும் இருக்கிறார் என்றார் மீசை. நிதானமாகத் துடைக்க நேரம் கிடைக்காமல் என்ன?

சாயங்காலம் ஜன்னல் மூடியதும் மீசையை மிரட்டி, கெஞ்சி, நோட்டையே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். காலையில் ஜன்னல் திறக்குமுன் திருப்பித் தருவதாகச் சத்தியம். அவள் முன்னால் வைத்து ஒவ்வொரு வரியாக விரலால் காட்டினேன். ஒரே நாளில் மூன்று ட்ரிப் அடிக்கிறவருக்குத்தான் எங்கே குழி, எங்கே வளைவு என்று தெரியும் என்றேன். ஒரே நாளில் மூன்று ட்ரிப் அடிக்கிறவர்தான் ஒருநாள் தூங்கி வழிவார் என்றாள். ஏட்டிக்குப் போட்டி பேசுவதில் அவளுக்கு நோயே கிடையாது.

ஆனாலும் நோட்டை அவள் மூடவில்லை. இமையை ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கம் பக்கமாகப் படித்தாள். இரண்டு வரிகளில் மட்டும் நெடுநேரம் நின்றாள். இரண்டும் சின்ன டாக்டரின் கேஸ்கள், இரண்டும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் போனவை, இரண்டிலும் துளை செட்டோடு நெஞ்சு பிளக்கிற பெரிய செட்டும் திரும்பி வந்ததாக எழுதியிருந்தது. துளையில் ஆரம்பித்துப் பாதியில் திறந்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் வரும்போது அவசரமாகத் தாளைத் திருப்பியவன் நான்தான். நான் திருப்பின தாளை அவள் மறுபடி இந்தப் பக்கம் திருப்பினாள்.

இரண்டு நாள் கழித்துச் சின்ன டாக்டரைப் பார்க்கப் போனோம். உட்கார்ந்ததும் அவள் நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் கருவிகளின் மூட்டில் ரத்தம் காய்ந்து வருகிறது, ஈரத் துணியாவது மேலே போட்டு அனுப்பச் சொல்லுங்கள் என்றாள். எனக்கு மானம் போயிற்று. நாளைக்கு நெஞ்சைக் கிழிக்கப் போகிறவரோடு இன்றைக்கா தகராறு? அந்த டாக்டரோ இத்தனை வருடத்தில் தான் ஒருமுறைகூடக் கீழே வந்து பார்த்ததில்லை என்று ஒப்புக்கொண்டார், ஒரு தாளில் குறித்தும் கொண்டார். பிறகு படம் வரைந்து எல்லாவற்றையும் விளக்கினார். நூற்றுக்கு இத்தனை பேர், இத்தனை நாள், இத்தனை தையல். நான் எண்களையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நடுவுல முடியலன்னா என்ன பண்ணுவீங்க?"

"நிறுத்திட்டு நெஞ்சைத் திறப்பேன். பெரியவர் பக்கத்து தியேட்டர்லயே இருப்பார், கூப்பிடுவேன். எப்படியாவது துளையிலேயே முடிக்கணும்னு பிடிவாதம் பிடிக்க மாட்டேன்."

பேனாவைக் கேட்டு வாங்கினாள். விரல்களில் பலம் போதாததால் சம்மதத் தாளை இடது கையால் அழுத்திப் பிடித்து, எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். வெளியே வரும்போது என் யோசனைதானே கடைசியில் ஜெயித்தது என்று நான் மகளிடம் பீற்றிக்கொண்டேன்.

ஆபரேஷன் காலை எட்டு மணிக்கு. உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது மாத்திரையின் தெம்பில் இரண்டு கண்ணும் முழுசாகத் திறந்திருந்தன. மகளின் தலையைத் தடவினாள், என்னைப் பார்த்துச் சாப்பிடுங்கள் என்றாள். கதவு மூடிய பிறகு என்னால் அந்த வராந்தாவில் ஐந்து நிமிடம்கூட நிற்க முடியவில்லை. ஒரு மணி நேரத்தில் டீக்கடைக்கு மூன்று முறை போய் மூன்று முறையும் குடிக்காமல் திரும்பினேன். ஒன்பதேமுக்காலுக்கு மகளை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு அடித்தளத்துக்கு இறங்கினேன். வாசலில் நிற்கிற சொந்தக்காரர்களுக்குச் சேதி கடைசியாகத்தான் வரும். கீழே ஏதாவது தெரியும் என்று எனக்குத் தெரியும்.

மீசை ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். நான் உட்காரவில்லை. பத்து பத்துக்குள் முடிய வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பத்து பத்து ஆயிற்று, பத்து இருபது ஆயிற்று. பத்து இருபத்திரண்டுக்குச் சுவரில் இருந்த போன் அடித்தது. மீசை எடுத்தார், சரி என்றார், இன்னொரு முறை சரி என்றார். வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் அலமாரிக்குப் போய், துணியில் கட்டிய ஒரு பெரிய செட்டை இரண்டு கையாலும் தூக்கினார். தியேட்டரில் தயாராக வைத்திருக்கும் பெரிய செட்டைப் பிரித்துவிட்டால், அதற்குப் பதில் இன்னொன்று உடனே மேலே போக வேண்டும் என்பது அங்கே விதி. பத்தொன்பது வருடம் சாப்பாட்டு மேசையில் இதையெல்லாம் கேட்டவனுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நெஞ்சைத் திறந்துவிட்டார்கள்.

படிக்கட்டில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. என் முகத்தைப் பார்த்தே மகள் தெரிந்துகொண்டாள். நான்தான் செய்தேன், நான்தான் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன் என்று அந்த வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். ஒரு காவலாளி வந்து உட்காருங்கள் என்றார். அவரிடம் சண்டைக்குப் போனேன். மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

ஒன்றரை மணிக்குச் சின்ன டாக்டர் வெளியே வந்தார். முகமூடியின் தடம் கன்னத்தில் பதிந்திருந்தது. கட்டி ஒரு பெரிய ரத்தக்குழாயோடும், மூச்சுக்கு உதரவிதானத்தை அசைக்கிற நரம்போடும் ஒட்டியிருந்ததாம். ஸ்கேனில் அது தெரியவில்லை. துளை வழியாகப் பிரித்திருந்தால் ஏதாவது ஒன்று கிழிந்திருக்கும். நிறுத்திவிட்டுப் பெரியவரைக் கூப்பிட்டாராம், இரண்டு பேருமாகச் சேர்ந்து முழுசாக எடுத்துவிட்டார்களாம். நரம்பு முழுசாக இருக்கிறது, ஆனால் வேலை செய்கிறதா என்பது இயந்திரத்தை எடுத்துவிட்டு அவளாக மூச்சுவிடும்போதுதான் தெரியும் என்றார். அப்படியானால் முதலிலேயே திறந்திருக்கலாமே, இரண்டு வேதனை எதற்கு என்று நான் கத்தினேன். அவர் திருப்பிக் கத்தவில்லை. இவ்வளவுதான் சொன்னார்:

"எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரிஞ்சுது. அது வரைக்கும்தான் என்னால சொல்ல முடியும்."

அன்று முழுவதும் இயந்திரம் அவளுக்காக மூச்சுவிட்டது. கண்ணாடிக்கு வெளியே நின்று நான் பார்த்தது ஏறி இறங்குகிற ஒரு போர்வையை. அது அவள் ஏற்றுவது இல்லை என்பதுதான் என்னைக் கொன்றது. அவளிடம் என்ன சொல்வது என்று ஒரு நூறு வாக்கியம் தயார் செய்து, ஒவ்வொன்றாக அழித்தேன். அவள் எழுந்து என்னை வைத்து வாங்கட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கட்டும், மூச்சு மட்டும் வந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் பகல் பதினொன்றுக்குக் குழாயை எடுத்தார்கள். பதினொன்றே முக்காலுக்கு என்னை உள்ளே விட்டார்கள், ஐந்து நிமிடம் மட்டும். கட்டிலை ஒட்டிப் போட்டிருந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். போர்வை ஏறி இறங்கியது. இந்த முறை ஏற்றியது அவள்தான். நான் வாட்சைப் பார்த்து எண்ணினேன், நிமிடத்துக்குப் பத்தொன்பது. திரும்பவும் எண்ணினேன், பதினெட்டு. கழுத்துக்குக் கீழே நீளமாகக் கட்டுப் போட்டிருந்தது.

அவள் கண்ணைத் திறந்ததும் தயாராக வைத்திருந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். நான்தான் உன் மனதைக் கலைத்தேன், நீ சொன்னபடி விட்டிருந்தால் இந்த அலைக்கழிப்பு வந்திருக்காது, எல்லாம் என் அவசரம், என்னை மன்னித்துவிடு என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பாதிக் குரலும் பாதிக் காற்றுமாகப் பதில் வந்தது.

"கையெழுத்துப் போட்டது நானு. நீங்க இல்ல."

நான் மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் ஒரு மூச்சு சேர்த்துக்கொண்டாள்.

"காலை ஆட்டாதீங்க. கட்டில்ல இடிக்குது. வலிக்குது."

குனிந்து பார்த்தேன். என் முழங்கால் கட்டிலின் சட்டத்தில் விடாமல் இடித்துக்கொண்டிருந்தது. பிளந்த எலும்பைக் கம்பி போட்டுக் கட்டி ஒரு நாள்கூட முழுசாக ஆகவில்லை, நான் உள்ளே வந்த நிமிடத்திலிருந்து அதை ஆட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். இரண்டு கைகளாலும் முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். நர்ஸ் வந்து எழுப்பும்வரை அசையாமல் உட்கார்ந்து, அவள் மூச்சுவிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.